மூன்று கிளையும் நான்கு கிளையும்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பது அடுக்களை அறிந்த உண்மை. எவ்வளவு விசையாகக் கலக்கினாலும், சிறிது நேரத்தில் எண்ணெய் மேலும் நீர் கீழுமாகப் பிரிந்து நிற்கும். ஆனால், எண்ணெயின் ஒவ்வொரு கூறும் நீரின் ஒவ்வொரு கூறோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைக்கப்பட்டிருக்குமாயின் என்ன நிகழும்? பிரிந்து போக இரண்டும் விரும்பும். பிணைப்போ பிரிய விடாது. பிணைப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்கே அவை ஒன்றைவிட்டு ஒன்று விலக முடியும்.

இது வெறுங் கற்பனையன்று. ஒன்றோடொன்று கலவாத இரு வேறு சங்கிலிகளை முனையோடு முனை பொருத்தி ஒரே மூலக்கூறாக ஆக்கும் கலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கைவந்தது. அத்தகைய மூலக்கூறுகள் கோடிக்கணக்கிற் கூடும்பொழுது, எவரும் ஏவாமலே, மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என்னும் நுண்ணிய அளவில் அழகிய ஒழுங்குகளாகத் தம்மை அமைத்துக்கொள்ளுகின்றன. வெப்பநிலை மாறின் ஓர் ஒழுங்கு கலைந்து மற்றோர் ஒழுங்காக மாறவுஞ் செய்கின்றது. அவ்வொழுங்குகள் எவை, ஒன்று மற்றொன்றாவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை காண அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அக்காலத்தில் எட்டு ஆண்டுகள், தவறான விடையொன்றே சரியான விடையென அறிஞர் உலகில் நிலவிற்று. அத்தவறு நேர்ந்த விதமும் அது திருத்தப்பட்ட விதமும், அதன்பின் அது பெற்ற எதிர்பாராத முடிவும் அறியத்தக்கவை.

சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு உண்டாகும் நெடுஞ் சங்கிலியைப் பல்பகுதியம் என்பர். இத்தகைய நெடுஞ் சங்கிலிகள் உண்டென்பதை 1920ஆம் ஆண்டில் எடுத்துக்கூறியவர் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஹெர்மன் ஸ்டௌடிங்கர். அன்று பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1953இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தபொழுது ஐயங்கள் அகன்றிருந்தன. எனினும், சங்கிலிகளை விரும்பியபடி கோக்கும் வழி அப்பொழுதும் புலப்படவில்லை. ஒரு சங்கிலி வளரத் தொடங்கிச் சற்று நேரத்தில் எதிர்பாராத வகையில் வளர்ச்சி நின்றுவிடும். ஒன்று குறுகியும் மற்றொன்று நீண்டும் போகும். நின்ற சங்கிலியோடு வேறொரு வகையைப் பொருத்துதல் இயலாத காரியமாக இருந்தது.

இவ்விடர்ப்பாட்டை நீக்கியவர் போலந்து நாட்டிற் பிறந்து, அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரிலிருந்த வனவியற் கல்லூரியிற் பணியாற்றிய மைக்கேல் சுவார்க். 1956இல் அவரும் அவருடன் உழைத்தோரும், காற்றும் ஈரமும் சிறிதும் புகாத கண்ணாடிக் கலத்தினுள்ளே, சோடியமும் நப்தலீனும் சேர்ந்த பச்சை நிறக் கரைசலில் ஸ்டைரீன் என்னும் திரவத்தைச் செலுத்தினர். பச்சை நிறம் மறைந்து சிவப்பு நிறந் தோன்றிற்று. இருந்த ஸ்டைரீன் யாவும் சங்கிலியாகிவிட்ட பின்னரும் அச்சிவப்பு மாறவில்லை. மேலும் ஸ்டைரீன் சேர்த்தபொழுது கரைசல் முன்னிலும் தடித்தது. அதாவது, பழைய சங்கிலிகளே மீண்டும் வளரத் தொடங்கின. அவற்றின் முனைகள் இறக்கவில்லை, உணவுக்காகக் காத்திருந்தன. ஆகவே இவற்றுக்கு ‘உயிருள்ள பல்பகுதியங்கள்’ என்று சுவார்க் பெயரிட்டார். காத்திருக்கும் முனைக்கு ஸ்டைரீனுக்குப் பதிலாக வேறொரு பொருளைக் கொடுத்தால், அதே சங்கிலி இரண்டாம் வகைக் கூறாகத் தொடரும். இருகூற்றுச் சங்கிலி இவ்வாறு பிறந்தது.

இரண்டாம் கூறாகப் பெரிதும் எடுத்துக்கொள்ளப்பட்டது ஐசோப்பிரீன். இலங்கை மக்களுக்கு இப்பொருள் புதியதன்று. 1876இல் கியூ பூங்காவிலிருந்து வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர் மரத்தின் பாலிலுள்ள சங்கிலி, ஐசோப்பிரீன் கூறுகளாலாயதே. எனவே, ஒரு முனையில் கண்ணாடிபோல் இறுகும் பொலிஸ்டைரீனும், மறுமுனையில் இறப்பர்போல் நெகிழும் பொலிஐசோப்பிரீனும் கொண்ட மூலக்கூறு உருவாயிற்று. பாற்கடலும் பாறையும் ஒரே கயிற்றிற் கட்டுண்டவாறாம்.

இவற்றின் பயனை முதலில் உணர்ந்தோர் வணிகரே. சுவார்க்கின் மாணவரான மில்கோவிச் பின்னர் ஷெல் நிறுவனத்திற் சேர்ந்தார். நடுவே இறப்பரும் இரு முனைகளிலும் பொலிஸ்டைரீனுமாக அமைந்த முக்கூற்றுச் சங்கிலிகளை அங்கு ஆக்கினர். ‘கிராற்றன்’ என்னும் பெயரோடு 1965இல் அவை சந்தைக்கு வந்தன. இயற்கை இறப்பருக்குக் கந்தகமிட்டுச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். அவ்வாறு பதப்பட்டது மீண்டும் உருகாது. புதிய பொருளோ கந்தகம் வேண்டாமலே இறப்பர்போல் இழுபட்டு மீண்டது. சூடாக்கின் உருகி வேறு வடிவத்துக்கு வார்க்க இடந் தந்தது. பொலிஸ்டைரீன் முனைகள் ஆங்காங்கே திரண்டு இறுகி, இறப்பர்ச் சங்கிலிகளைப் பிடித்து நிறுத்தும் முடிச்சுகளாகியமையே இதற்குக் காரணம்.

அம்முடிச்சுகள் தாறுமாறாகக் கிடந்தனவா, ஒழுங்காக நின்றனவா? 1970இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ரூ கெல்லரும் அவருடைய துணைவரும் இதற்கு வியத்தகு விடையளித்தனர். இத்தகைய பொருளொன்றை உருக்கி ஒரு துளைவழியே செலுத்தியபொழுது, அதனுள் இருந்த பொலிஸ்டைரீன், நுண்ணிய உருளைகளாய், ஒன்றுக்கொன்று இணையாய், தேன்கூட்டின் அறைகளைப் போன்ற அறுகோண ஒழுங்கில் நின்றமை காணப்பட்டது. உப்பு அல்லது கற்கண்டுப் பளிங்கில் அணுக்கள் அணிவகுத்தல் போன்றதே இது. ஆனால், இங்கே அணிவகுத்தவை அணுக்களல்ல. ஆயிரக்கணக்கான அணுக்களைக் கொண்ட சங்கிலிக் கூட்டங்கள்.

எக்கூறு எவ்வளவு என்பதைப் பொறுத்து வடிவம் மாறுபடும் என்பதும் விரைவில் தெளிவாயிற்று. ஒரு கூறு மிகச் சிறியதாயின் அது கோளங்களாகத் திரளும். சிறிது கூடின் உருளைகளாகும். இரு கூறுகளும் ஏறத்தாழச் சமமாயின், ஏட்டுச் சுவடியின் ஓலைகளைப்போல் தட்டுகள் மாறி மாறி அடுக்கப்பெறும். இவ்வடிவங்களை ஆள்வன இரு எதிர்நாட்டங்கள். பகைத்த இரு கூறுகளும் ஒன்றையொன்று தொடும் எல்லைப்பரப்பைக் குறைக்க முயலும். சங்கிலிகளோ அளவுக்கு மேல் இழுபட மறுத்துச் சுருண்டு கிடக்க விழையும். இவ்விரண்டும் சமரசங் காணும் இடமே வடிவம்.

1980இல் லுட்விக் லைப்ளர் என்பவர் இச்சமரசத்தைக் கணக்காக்கினார். இரு கூறுகளுக்கும் இடையேயுள்ள பகையின் அளவைச் சங்கிலியின் நீளத்தாற் பெருக்கி வரும் எண்ணே யாவற்றையும் தீர்மானிக்கும் என்றார். சமமான இரு கூறுகளைக் கொண்ட சங்கிலிக்கு அவ்வெண் 10.5க்குக் குறைவாயின் இரண்டும் கலந்து கிடக்கும். அதனைத் தாண்டின் ஒழுங்கு பிறக்கும். பொதுவாக, வெப்பம் ஏறப் பகை தணியும். ஆகவே, ஒரே பொருளைச் சூடாக்கியும் ஆற்றியும் ஒழுங்கிலிருந்து ஒழுங்கின்மைக்கும், ஓர் ஒழுங்கிலிருந்து மற்றோர் ஒழுங்குக்கும் கொண்டுசெல்லலாம். கோளம், உருளை, தட்டு ஆகிய மூன்றே லைப்ளரின் கணக்கில் இடம்பெற்றன. வேறு வடிவம் உண்டென்பதற்கு உறுதியான சான்று அன்று இருக்கவில்லை.

அச்சான்றைத் தந்தது இலத்திரன் நுணுக்குக்காட்டி. ஒஸ்மியம் நாலொட்சைட்டின் ஆவியைச் செலுத்தின், அது ஐசோப்பிரீன் கூற்றோடு சேர்ந்து அதனை மட்டும் கருமையாக்கும். பொலிஸ்டைரீன் வெண்மையாகவே நிற்கும். மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிதாகச் சீவிய துண்டை இங்ஙனம் சாயமிட்டு நோக்கினர். மசாச்சுசெற்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வின் தோமஸும் அவருடைய குழுவினரும், பல கைகள் கொண்ட விண்மீன் வடிவச் சங்கிலிகளை ஆராய்ந்தபொழுது, முன் கண்டிராத காட்சியொன்றைக் கண்டனர். வண்டிச் சில்லின் குடத்திலிருந்து ஆரக்கால்கள் பிரிந்து செல்வதுபோன்ற உருவங்கள் படமெங்கும் அணியணியாய்த் தோன்றின. உருளையோ தட்டோ இத்தகைய நிழலைத் தராது.

1986இல் அக்குழுவினர் தம் முடிபை வெளியிட்டனர். பொலிஸ்டைரீன் ஒன்றையொன்று தொடாத இரு வலைகளாகப் பொருள் முழுவதும் பின்னிக் கிடக்கின்றது. ஒவ்வொரு வலையிலும் ஒவ்வொரு சந்தியிலிருந்தும் நான்கு கிளைகள் பிரிகின்றன. வைரத்தில் ஒவ்வொரு காபன் அணுவும் நான்கு அயலணுக்களோடு பிணைந்திருத்தல் போன்றதே இது என்றனர். ‘இரட்டை வைரம்’ என்னும் பெயர் இதற்கு வழங்கலாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, யப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹசெகாவா, ஹஷிமோத்தோ முதலியோர், எளிய இருகூற்றுச் சங்கிலியிலும் நாற்கிளை வலையைக் கண்டதாக அறிவித்தனர். 1988இல் தோமஸ் குழுவினர் கணித அறிஞரோடு சேர்ந்து, கணிப்பொறியில் இரட்டை வைரத்தின் நிழல்களை வரைந்து நுணுக்குக்காட்டிப் படங்களோடு ஒப்பிட்டனர். பொருத்தம் நன்றாகவே இருந்தது. இரு நாட்டினர் தனித்தனியே கண்ட முடிபு, கணிதமும் துணைநின்றது. ஐயுற எவருக்குங் காரணம் இருக்கவில்லை.

ஆயினும், நுணுக்குக்காட்டி தருவது பொருளையன்று, அதன் நிழலையே. நிழலைக் கொண்டு மரத்தின் கிளைகளை எண்ணுவோர் ஏமாறுதல் கூடும். இரட்டை வைரத்தின் நிழலைப் போன்ற நிழலைத் தரும் மற்றொரு வடிவமும் உலகில் இருந்தது. அதில் ஒவ்வொரு சந்தியிலிருந்தும் பிரிபவை நான்கு கிளைகளல்ல, மூன்றே.

இம்முக்கிளை வடிவத்தின் வரலாறும் சுவையானதே. பிரான்சில் லுசாத்தியும் ஸ்பெக்டும் 1967இல் ஸ்ட்ரோந்தியம் சவர்க்காரங்களை எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்து, அவற்றுள் முக்கிளைச் சந்திகளைக் கொண்ட இரு வலைகள் பின்னிக் கிடத்தலைக் கண்டறிந்தனர். சில ஆண்டுகளில், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவிற் பணியாற்றிய அலன் ஷோன், வேறொரு வழியால் அவ்விடத்தையே அடைந்தார். கம்பிச் சட்டத்தில் விரியும் சவர்க்காரப் படலம் எப்பொழுதும் மிகக் குறைந்த பரப்பையே நாடும். அவ்வியல்புடைய பரப்புகளுள், எத்திசையிலும் முடிவின்றித் திரும்பத் திரும்ப வருவன சிலவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஷ்வார்ஸ் என்னும் ஜெர்மானியக் கணிதர் கண்டிருந்தார். ஷோன் 1970இல் வெளியிட்ட அறிக்கையில் புதியன பலவற்றைச் சேர்த்தார். அவற்றுள் ஒன்றுக்கு ‘ஜைரொயிட்’ என்று பெயரிட்டார். நேர்கோடு ஒன்றேனும் அதன்மீது கிடையாது. எங்கும் முறுகி வளைந்து செல்லும். அதன் இரு பக்கங்களிலும் ஓடும் வழிகளே லுசாத்தி கண்ட முக்கிளை வலைகள். ஆக, விடை 1970ஆம் ஆண்டிலேயே அச்சேறியிருந்தது. ஆனால், சவர்க்காரம் ஆராய்ந்தோர் நூலையும் பரப்புகளை ஆராய்ந்தோர் நூலையும் பல்பகுதியம் ஆராய்ந்தோர் உடனே எடுத்துப் பார்க்க வாய்ப்பு நேரவில்லை.

1994ஆம் ஆண்டு இத்துறையின் திருப்புமுனை. பிரின்ஸ்ரனைச் சேர்ந்த ஹஜ்டுக்கும் குரூனரும், தோமஸ் முதலியோரோடு சேர்ந்து, பொலிஸ்டைரீனும் பொலிஐசோப்பிரீனும் கொண்ட இருகூற்றுச் சங்கிலியைத் திருத்தமான எக்ஸ்-கதிர்க் கருவியால் ஆராய்ந்தனர். ஒழுங்கான பொருளினூடே செல்லும் கதிர்கள் சிதறி வளையங்களாக விழும். வளையங்களின் ஆரங்களுக்கிடையேயுள்ள விகிதமே வடிவத்தைக் காட்டிக்கொடுக்கும். இரட்டை வைரமாயின் முதலிரு வளையங்களின் விகிதம் 1.225 ஆதல் வேண்டும், ஜைரொயிட்டாயின் 1.155. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாட்டிலேயே எட்டாண்டுக் கொள்கை தங்கியிருந்தது. கருவி காட்டியது இரண்டாவது விகிதத்தையே.

அதே ஆண்டில் சியாற்றில் நகரிலிருந்த மற்சனும் ஷிக்கும் கணக்கின் வழியே அதே முடிபுக்கு வந்தனர். லைப்ளர் கொள்ளாத வலை வடிவங்களையும் அவர்கள் கணக்கிற் சேர்த்துப் பார்த்தனர். உருளைக்கும் தட்டுக்கும் இடையே, ஒரு கூறு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே கடந்த ஒடுங்கிய இடைவெளியில், ஜைரொயிட் நிலைபெறும். இரட்டை வைரமோ எங்கும் நிலைபெறாது என்றது அவர்களது கணக்கு. இதன் காரணத்தை மற்சனும் பேற்சும் 1996இல் விளக்கினர். நான்கு கிளைகள் கூடும் சந்தி பருத்தது. அதன் நடுவிடத்தை நிரப்பச் சில சங்கிலிகள் அளவுக்கு மேல் இழுபட வேண்டும். மூன்று கிளைகள் கூடும் சந்தி மெலிந்தது. அவ்வளவு இழுபறி அங்கே இல்லை.

இதன்பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் பெருமைக்குரிய பகுதி. 1986இல் ஆராய்ந்த விண்மீன் வடிவப் பொருள்களே மறுபடியும் சோதிக்கப்பட்டன. அவையும் ஜைரொயிட்டே என்னும் முடிபு 1995இல் வெளியாயிற்று. அத்திருத்தத்தை எழுதியோர் வரிசையில், முதற் கொள்கையை வெளியிட்ட தோமஸும், அன்று அச்சங்கிலிகளை ஆக்கிக் கொடுத்த பெற்றர்ஸும் இருந்தனர். தம் பெயரோடு உலகறிந்த கொள்கையைத் தம் கையாலேயே மாற்றி எழுதுதல் எளிதன்று. அதை அவர்கள் செய்தனர்.

வடிவம் இன்னதெனத் தெளிந்தமையால், ஒரு வடிவம் மற்றொன்றாக மாறும் வழியையும் அறிய முடிந்தது. நேர்நேராக நிற்கும் உருளைகள் முறுகிய வலையாக மாறுவதற்கு முன் யாவும் உருகிக் கலைந்து, பின் புதிதாகக் கூடவேண்டுமெனத் தோன்றும். அவ்வாறன்று. மின்னசோட்டாவைச் சேர்ந்த ஷூல்ஸ், பேற்ஸ் ஆகியோரும் டென்மார்க்கைச் சேர்ந்த அல்ம்டால், மோர்ட்டென்சன் ஆகியோரும், ஒரே திசையில் நிறுத்திய உருளைகளை நியூத்திரன் கதிர்களால் ஆராய்ந்து, 1994இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். பழைய உருளைகள் நின்ற திசையே புதிய வலையின் மூலைவிட்ட அச்சாகின்றது. உருளைகளின் இடைத்தூரம் வலையின் குறித்த தளங்களின் இடைத்தூரத்தோடு ஒத்து நிற்கின்றது. பழைய வீட்டின் அத்திவாரத்தின்மேல் புதிய வீட்டைக் கட்டுதல் போன்றதே இது. பொருள் முழுவதும் ஒரே கணத்தில் மாறுவதுமில்லை. ஓரிடத்தில் வலையின் சிறு கரு தோன்றி, அது சுற்றிலும் பரவி வளர்கின்றது என்று 1998இல் மற்சனின் கணக்குகள் காட்டின.

மாற்றத்துக்குக் காலமும் வேண்டும் என்பது மற்றொரு பாடம். 1993இல் ஹாம்லியும் அவருடன் உழைத்தோரும், துளைகள் அறுகோண ஒழுங்கில் அமைந்த தட்டடுக்கு ஒன்றைக் கண்டனர். அதுவும் நிலையான வடிவங்களுள் ஒன்றென எண்ணப்பட்டது. 1997இல் வெளியான ஆராய்ச்சி, அது நெடுநேரம் நீடிக்கும் இடைநிலையே என்றும், பொறுத்திருந்தால் ஜைரொயிட்டாக மாறிவிடும் என்றும் காட்டிற்று. சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்குண்டு மெல்ல நகர்வன. அவசரப்பட்ட ஆராய்ச்சியாளர், வழிநடுவில் இளைப்பாறுவோனைக் கண்டு, அதுவே அவன் இல்லமென எண்ணுதல் கூடும்.

இவ்வளவில், நான்கு கிளை வடிவம் தவறுகளின் பட்டியலிற் சேர்ந்துவிட்டதென்றே கருதப்பட்டது. ஆனால், 2012இல் தைவான் நாட்டு அறிஞர் ஹ்சின்-லுங் சென்னும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சி யாவரையும் திரும்பிப் பார்க்கச் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது, ஒழுங்கான அமைப்புடைய பொலிப்புரொப்பிலீனும் பொலிஸ்டைரீனும் சேர்ந்த இருகூற்றுச் சங்கிலி. இம்முறை அவர்கள் ஒரே நிழலை நம்பவில்லை. பொருளைப் பல கோணங்களிற் சாய்த்து எடுத்த பல நிழல்களை ஒன்றுசேர்த்து, முழு வடிவத்தையும் கட்டியெழுப்பினர். ஒவ்வொரு சந்தியிலும் கிளைகள் நான்கு. இரட்டை வைரம் உண்மையாகவே கிடைத்துவிட்டது. பொலிப்புரொப்பிலீன் சங்கிலியின் பகுதிகள் திருகுசுருளாக அமையும் இயல்பின. அதனால் உண்டாகும் சத்திக் குறைவு, பருத்த சந்தியின் இழுபறியை ஈடுசெய்கின்றது என்பது அவர்கள் தந்த விளக்கம். இன்னுஞ் சூடாக்கியபொழுது, இடைத்தூரம் சற்றே சுருங்க, அந்நான்கு கிளை வலை முக்கிளை ஜைரொயிட்டாக மாறிற்று. ஆற்றியபொழுது மீண்டும் நான்கு கிளையாயிற்று. இந்த ஆராய்ச்சியை எழுதியோருள் ஒருவர், 1987இல் நாற்கிளை வலையைக் கண்டதாக அறிவித்த கியோத்தோ குழுவைச் சேர்ந்த தகேஜி ஹஷிமோத்தோ என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றும் நான்கும் ஒன்றையொன்று மறுக்கும் விடைகள் என்றே எட்டாண்டுகளின் முடிவில் எண்ணப்பட்டது. அவை ஒரே வீதியின் அயல்வீடுகள் என்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறிது வெப்பமே வழியாகும் என்பதும் பின்னரே விளங்கின. 1995இன் திருத்தம் இதனாற் பொய்யாகவில்லை. அன்று சோதித்த பொருள்களில் இருந்தது ஜைரொயிட்டே. ஆனால், அத்திருத்தம் அவ்வளவு கறாராகச் செய்யப்பட்டிராவிடின், 2012இல் கண்ட உண்மையான இரட்டை வைரத்தை வேறுபடுத்தி அறிய ஓர் அளவுகோல் இருந்திராது. கிளைகளை மறுமுறையும் எண்ணிப் பார்க்கத் துணிந்தோரே அவ்வளவுகோலைத் தந்தனர்.